எட்டா, பத்தா

ஒரு சர்வரில் எந்த லினக்ஸைப் போடலாம் என்று கேட்டால், இருப்பதிலேயே புதியதைப் போடு என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை, மேடம். மொபைலில் புதிது வந்தால் அன்றைக்கே ஏற்றிக்கொள்ளலாம். கெட்டுப்போனால் ஒரு நாள் வாட்ஸ்அப் பார்க்காமல் இருப்போம், அவ்வளவுதான். சர்வர் அப்படியில்லை. பழைய வெர்ஷனில் என்னென்ன கோளாறு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். புதியதில் என்ன கோளாறு என்பதை நாம்தான் அடிபட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த விஷயத்தில் இன்றைக்கும் என் கருத்து மாறவில்லை.

ஹேமந்த் மேல் நீங்கள் போட்டிருக்கும் வழக்கைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். டீ வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் போதும்.

எங்கள் கம்பெனி ஒரகடத்திலிருந்து வல்லம் போகிற வழியில் இருக்கிறது. கார்களுக்குள் வைக்கிற எலெக்ட்ரானிக் போர்டுகள் செய்கிறோம். ஈரம் பட்டால் கெட்டுப்போகும் சில்லுகளை வைக்க ஸ்டோருக்குள் ஒரு மூடிய அறை உண்டு, அதில் நைட்ரஜனை நிரப்பி வைப்போம். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. அறை நிரம்பியிருக்கும்போது உள்ளே போனால் மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. கால் துவளும், அப்புறம் ஒன்றும் தெரியாது.

அதனால் வாசலில் ஒரு போர்டு வைத்திருக்கிறோம். உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது காட்டும். சிவப்பாக இருந்தால் கதவுப் பூட்டு திறக்காது. பட்டனை அமுக்கினால் மின்விசிறிகள் ஓடி வெளிக்காற்று உள்ளே வரும். கொஞ்ச நேரத்தில் எண் ஏறிப் பச்சையாகும், பூட்டு திறக்கும், ஆள் உள்ளே போகலாம். போர்டு, பூட்டு, சைரன் மூன்றும் ஒரே ஒரு சர்வரின் பேச்சைத்தான் கேட்கும். அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டது நான். அதில் ஓடிய ப்ரோகிராமை எழுதியதும் நான்தான்.

அந்த அறைக்குள் போய்ச் சில்லுகள் ஒட்டிய ரீல் சுருள்களை எடுத்து வந்து போர்டு செய்கிற லைனுக்குக் கொடுக்கிற வேலை சகாயமேரிக்கு. அவள் என் மனைவி. உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும் அல்லவா?

சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது ஏழாவது வெர்ஷன். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோய்விட்டன. ஆடிட்டில் அதைப் பிடித்து, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். மாற்றுவதில் எனக்கும் சம்மதம்தான். கேள்வி, எட்டுக்குப் போவதா, பத்துக்குப் போவதா என்பது. எட்டு கொஞ்சம் பழையது, ஆனால் இன்னும் சில வருடம் தாங்கும். பத்து புத்தம் புதியது. நான் எட்டு என்றேன். சென்னை ஆபீஸிலிருந்து வந்திருந்த ஹேமந்த் பத்து என்றான்.

ஹேமந்த் நல்ல பையன். அதை நான் மறுக்கவே மாட்டேன். அம்பத்தூரிலிருந்து தினமும் பைக்கில் வருவான். என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. மீட்டிங்கில் அவன் சொன்னது நியாயமாகவும் இருந்தது. "இப்ப எட்டு போட்டா கொஞ்ச வருஷத்துல மறுபடியும் இதே தலைவலி சார். ஒரேடியா பத்துக்குப் போயிட்டா நிம்மதி" என்றான். ஏன் எட்டு என்று மேனேஜர் பிரசன்னா என்னைக் கேட்டார். ஓடுகிறதைத் தொடக்கூடாது, பழகினது நல்லது என்று ஏதோ சொன்னேன். கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. பிரசன்னா சார் சிரித்துக்கொண்டே, "தாமஸ், உங்களை ரிட்டையர் பண்ணினா அந்த சர்வரையும் சேத்து வழியனுப்பணும் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹேமந்தும் சிரித்தான், ஆனால் உடனே தலையைக் குனிந்துகொண்டான். பத்து என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து மேரியிடம் சொன்னேன். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "வுடுங்க. அந்தப் புள்ள புதுசு போடணும்னா போட்டுக்கட்டும். உங்களுக்கு இன்னா நஷ்டம்? நீங்க எதுக்கெடுத்தாலும் பயந்துகினே கீறீங்க" என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை. அது அவள் பேசுகிற விதம். ஆனால் மீட்டிங்கில் பட்டதைவிட இது எனக்கு ஆழமாகப் பட்டது. அன்றைக்கு அவளோடு பேசாமல் படுத்துக்கொண்டேன். எங்கள் பெண் ஷாலின் வந்து, "அம்மா மேல கோவமாப்பா?" என்று கேட்டாள். போய்த் தூங்கும்மா என்றேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சும்மா கிடந்த ஒரு பழைய சர்வரில் பத்தைப் போட்டு, என் ப்ரோகிராமையும் அதன் பதிவுகளையும் நகலெடுத்து ஓட்டிப் பார்த்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நான் சொன்னது சரி என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. அறையின் சென்சார் கம்பிகள் வந்து சேர்கிற கார்டு ஒன்று உண்டு. மிகவும் பழைய கார்டு. உதிரியாக இருந்த இன்னொன்றை இதில் மாட்டியிருந்தேன். அதோடு பேசுவதற்கான டிரைவர் என்கிற சின்ன ப்ரோகிராம் எட்டு வரைக்கும் இருந்தது, பத்தில் எடுத்துவிட்டார்கள். சர்வர் ஒழுங்காகக் கண் திறந்தது, ஆனால் கார்டு இருப்பதே அதற்குத் தெரியவில்லை. உள்ளே சென்சார் என்ன சொன்னாலும் அதன் காதில் விழாது.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்கு மாட்டியிருந்த சின்னத் திரையில் எண் பச்சையாகவே நின்றது. காரணம் நான்தான். சில வருடங்களுக்கு முன்னால், ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் போகும்போதெல்லாம் சென்சார் கம்பியில் ஒரு நொடி இணைப்பு விட்டுப்போய், போர்டு சிவப்பாகி, லைன் நின்றுவிடும். ஸ்டோர் சூப்பர்வைசர் கோபால் என்னிடம் வந்து, "தாமஸ் சாரு, இது எங்க உயிர வாங்குது, இன்னாவாவது பண்ணு" என்று கெஞ்சினார். சென்சாரிடமிருந்து பதில் வராவிட்டால் கடைசியாகப் பதிவான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்படி ப்ரோகிராமை மாற்றினேன். ஒரு நொடிக்காகச் செய்தது. எத்தனை நேரம் வரைக்கும் என்று எல்லை வைக்கவில்லை. தொல்லை தீர்ந்தது, கோபால் எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இது யாருக்கும் நினைவில் இல்லை. என்னைத் தவிர.

அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். அதை மறைக்கப் போவதில்லை. பத்தைப் போட்டால் வேலை செய்யாது, எல்லோர் முன்னாலும் அது தெரியும், அப்போது நான் எழுந்து காரணம் சொல்வேன் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். பிறகு அந்தச் சர்வரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, கேன்டீனில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது ஹேமந்த் என்னிடம் வந்தான். "சார், அந்தப் பழைய பாக்ஸ்ல நீங்க பத்து போட்டுப் பாத்தீங்கன்னு சொன்னாங்க. ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டான்.

"பூட் ஆச்சு" என்றேன்.

அது உண்மைதான். சர்வர் கண் திறந்தது. அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "தேங்க்ஸ் சார், நீங்க செக் பண்ணிட்டீங்கன்னா எனக்கு தைரியம்" என்றான். நான் தட்டில் இருந்த கூட்டைக் கலந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

எங்கள் கம்பெனியில் இப்படிப்பட்ட வேலைகளுக்கு ஆயுத பூஜைதான் நாள். வருஷம் முழுக்க நிற்காத லைன்கள் அன்றைக்குத்தான் நிற்கும். காலையிலேயே நைட்ரஜனை நிறுத்தி, அந்த அறைக் கதவுகளை விரியத் திறந்து, உள்ளே கழுவித் துடைத்தார்கள். அறையில் நல்ல காற்று, போர்டில் பச்சை எண். அந்த நிலையில் ஹேமந்த் சர்வரை நிறுத்தி வேலையைத் தொடங்கினான். வெளியே கோபால் நைட்ரஜன் வால்வுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கதவு நிலைக்கு மாவிலை கட்டினார். பொரி, கடலை, ஆப்பிள் எல்லாம் தட்டுகளில் வந்தன. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. மேரியும் மற்ற பெண்களும் பட்டுப் புடவையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை, ஆனால் இந்தப் பூஜையில் எல்லோரும் நிற்போம். அவளுக்குப் பொரி என்றால் உயிர். பையில் கட்டி ஷாலினுக்கும் எடுத்து வைத்தாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஹேமந்த் சர்வர் அறையிலிருந்து வந்தான். பத்து ஏறிவிட்டது, போர்டு பச்சையாக இருக்கிறது என்றான். சட்டையெல்லாம் வியர்வை. "சார், ஒரே ஒரு தடவை நைட்ரஜன விட்டு, போர்டு செவப்பாகுதான்னு பாத்துடலாமா?" என்று என்னைக் கேட்டான்.

நன்றாகக் கவனியுங்கள். அவன் கேட்டான். பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். போர்டு சிவப்பாகியிருக்காது, எட்டுக்குத் திரும்பியிருப்போம், நான் ஜெயித்திருப்பேன். ஆனால் பார்க்கிறவர்கள் அங்கே யாரும் இல்லை. பிரசன்னா சார் பூஜை முடிந்ததும் கிளம்பிவிட்டார். ஹேமந்தும் நானும் கோபாலும் மட்டும்தான். ஹேமந்த் உடனே சரிசெய்து, மறுநாள் மீட்டிங்கில் தானே கண்டுபிடித்ததாகச் சொல்வான் என்று தோன்றியது. அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. அப்போது அப்படித் தோன்றியது.

"கற்பூரம் காட்டியாச்சுப்பா. இனிமே நாளைக்குக் காலைல வரைக்கும் எதையும் ஓட்டக்கூடாது. மால போட்ட வால்வத் திருப்புவாங்களா?" என்றேன்.

கோபாலுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "பாரு தம்பி, தாமஸ் சாரு சர்ச்சுக்குப் போறவரு, அவருக்கே தெரிஞ்சிகீது. கருவிங்க ரெஸ்ட் எடுக்கிற நாளு" என்றார். ஹேமந்த் வெட்கப்பட்டுச் சிரித்தான். "சாரி சார், காலைல பாத்துக்கலாம்" என்றான். காலையில் மீட்டிங் முடிந்ததும் முதல் வேலையாகப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். நானும் காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மீட்டிங்கில் சொல்லலாம் என்று.

மறுநாள் மழைத் தூறல். கம்பெனி பஸ்ஸில் மேரியும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட். படப்பை தாண்டும் வரை அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கேட்டில் இறங்கி அவள் ஸ்டோருக்குப் போனாள், நான் மேலே போனேன். நல்ல நேரம் பார்த்து கோபால் முன்னாலேயே வந்து, வால்வில் இருந்த மாலையை எடுத்துவிட்டு நைட்ரஜனைத் திறந்திருந்தார். நான் மீட்டிங் அறைக்குள் நுழைந்தபோது கீழே அந்த அறை நிரம்பிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். பூஜைக்கு மறுநாள் வழக்கம் அதுதான்.

பிரசன்னா சார் ஹேமந்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார். லீவு நாளில் வந்து ஒரே ஆளாக முடித்துவிட்டானாம். என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே என் மேஜையில் இன்டர்காம் அடித்தது. எழுந்து போய் எடுத்தேன். மேரி.

"இன்னாங்க, இங்க போர்டு பச்சையாவே கீது. நான் பட்டனே அமுக்கல. கோபால் சாரு, புது சர்வரு, எல்லாம் தானா ஆவுது போலன்னு சொல்றாரு. லைன்ல வேற ரீலு கேட்டுகினே கீறாங்க. உள்ள போலாமா?"

மேடம், எனக்குப் பதில் தெரியும். போகாதே என்ற ஒரு சொல். ஆனால் போகாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் கோபாலிடம் சொல்வாள். கோபால் மேலே ஓடி வருவார். நான் மீட்டிங்கில் சொல்வதற்கு முன்னால் விஷயம் கீழேயிருந்து வந்துவிடும். எப்போதிலிருந்து தெரியும் என்று என்னைக் கேட்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹேமந்தின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேரி மேல்கூடக் கோபம் இருந்தது. புதுசு போட்டுக்கட்டும், உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டவள் இப்போது ஏன் என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"என்கிட்ட ஏன் கேக்கற? புதுசு போட்டவர்கிட்ட கேளு" என்றேன்.

அவள் சிரித்தாள். "இன்னும் கோவம் போவலியா உங்களுக்கு? சாயந்திரம் வூட்ல வெச்சிக்கிறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அவளிடம் ஹேமந்தின் நம்பர் ஏது? ஸ்டோரில் இருக்கிறவர்களுக்கு அவனைக் கூப்பிட்டுக் கேட்கிற பழக்கமும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் போ என்று சொல்லவில்லை. அப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அவள் ஜாக்கிரதையானவள், எதற்கும் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் போவாள் என்று நினைத்தேன். நினைத்ததாகத்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்து மீட்டிங்கில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. எழுந்து நின்று, பத்தாவது வெர்ஷனில் ஒரு டிரைவர் இல்லை என்று ஆரம்பித்தேன். நிதானமாக, வரிசையாகச் சொன்னேன். ஹேமந்தின் முகம் வெளுத்தது. அவன்தான் முதலில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு கீழே ஓடினான். நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

சைரன் அடிக்கவில்லை. கோபால் போட்ட சத்தம்தான் மேலே கேட்டது. ஹேமந்த் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அவளை வெளியே இழுத்துப் போட்டிருந்தான், அவனும் வாசலில் மயங்கிக் கிடந்தான். அவன் பிழைத்துக்கொண்டான். மேரியின் கையில் ஒரு சுருள் இருந்தது, அதை விடவில்லை. முகத்தில் வலி ஒன்றும் இல்லை. எல்லோரும் அதைச் சொல்லித்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நடித்தேன் என்று நினைக்காதீர்கள். அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் எந்தச் சட்டை போடுவது என்றுகூட எனக்கு இப்போது தெரிவதில்லை.

மீட்டிங்கில் நான் சொன்னதை அந்தக் கணத்தில் கண்டுபிடித்துச் சொன்னதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. பழி ஹேமந்த் மேல் போயிற்று. அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து என் காலில் விழுந்தார். நான் அவரைத் தூக்கி நிறுத்தி, அவனை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். சர்ச்சில் பங்குத் தந்தை அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எடுத்துச் சொன்னார். பிறகு கம்பெனியில் எட்டாவது வெர்ஷனைப் போட்டார்கள். பிரசன்னா சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதான் சரி தாமஸ், நாங்க கேக்கல" என்றார். அப்போது, மேடம், என் மனைவி இல்லாத அந்தக் கட்டடத்தில், ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னை எனக்கே பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். ஹேமந்துக்குக் கார்டு விஷயம் தெரியாது. எண் உறைந்து நிற்கும் என்பதும் தெரியாது. அவன் கேட்டான், நான் மறைத்தேன். சோதிக்க வந்தான், நான் தடுத்தேன். கடைசியில் அவளே கேட்டாள். என் மனைவியைக் கொன்றது நான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று. அவள் உள்ளே போவதற்கு முன்னால் இன்டர்காமில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததாக கோபால் ஷாலினிடம் சொல்லிவிட்டார். பிள்ளை வந்து என் மடியில் தலை வைத்து, "அம்மா சிரிச்சாங்களாமே, என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள். "சாப்டீங்களான்னு கேட்டா" என்றேன். இந்த விஷயம் முழுவதிலும் நான் நேராகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் சொல்கிறாள், கல்லறையில் சொல்கிறாள், தூக்கம் வராத நேரத்தில் மறுபடியும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். நான் சொல்கிறேன், அவள் தூங்கிப்போகிறாள். மற்ற எல்லாவற்றையும் அவளிடம் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளைக்காகத்தான் கேட்கிறேன், மேடம். எனக்காக இல்லை.